ஆறு துளை ரொட்டி

மாவை உருட்டித் தட்டி வட்டமாக்கியதும் சுனில்டா தொப்பிக்குள் கையை விட்டு ஸ்வெட்டர் பின்னும் ஊசியை உருவுவாள். உதடுகள் அசையும். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." எண்ணுக்கு ஒரு குத்து. கடைசிக் குத்து விழுந்ததும் மாவு வட்டத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் துளைகள் வழியே வெளியே பார்ப்பாள். அந்தப் பக்கம் பாலைவனம் பூத்துக் கிடக்கும். திருப்தியானால் தலையை ஆட்டிக்கொண்டு வட்டத்தைக் கம்பிவலை அடுப்பில் போடுவாள். இல்லையென்றால் மறுபடி உருண்டை, மறுபடி ஊசி.

"இன்னிக்கு எத்தனை, டோன்யா சுனி?" என்று அவள் சாலையோரக் கடைக்கு வரும் லாரிக்காரர்கள், மரியாதைக்கு ஒரு 'டோன்யா' சேர்த்துக் கேட்பார்கள்.

"மூணு. பேசாம தின்னு. பாடத்தைத் தின்னாத்தான் மண்டையில ஏறும்."

ரொட்டியைக் குத்தாமல் சுட்டால் பூரி போல உப்பிக்கொள்ளும். அதற்காக ஆயுள் முழுக்க எதையும் நினைக்காமல் குத்திக்கொண்டிருந்தவள்தான். எங்கள் பக்கம் ஜூனில் வருகிற குளிர்காலத்தில் இந்த வருஷம் மழை பெய்தது. எங்கள் பக்கம் அது வருஷா வருஷம் வருகிற விருந்தாளி இல்லை. வந்தபோது இரண்டு இரவு தங்கியது. ஆகஸ்டில் வயேனார் ஊருக்கு வடக்கே நெடுஞ்சாலையின் இரு புறமும் மண் நிறம் மாறத் தொடங்கியது. ஐம்பது வயது வரை எல்லாவற்றையும் 'மஞ்சப் பூ', 'நீலப் பூ' என்று சொல்லிவந்த சுனில்டா, திடீரென்று ஒவ்வொன்றின் பெயரையும் கற்றே தீருவது என்று இறங்கினாள். அவளுக்கு எழுதிவைக்கும் பழக்கம் கிடையாது. அன்றைக்குப் படித்த பூவுக்கு எத்தனை இதழோ, அன்றைய ரொட்டியில் அத்தனை துளை. நாள் முழுக்க அதே எண்ணைக் குத்தினால் மறக்காது. 'துறவிக் கிரீடம்' என்ற மஞ்சள் பூவைப் படித்த அன்று மட்டும் ரொட்டி சல்லடையாகிவிட்டது. உள்ளே வைத்த ஆட்டுப்பால் சீஸ் உருகி எல்லோர் மடியிலும் ஒழுகியது.

ஆள் குட்டை. தலையில் இறந்துபோன கணவனின் டிரைவர் தொப்பி, முன்பக்கம் பின்னால் இருக்கும்படி. வியர்வையை முழங்கையால் துடைப்பதால் இடது புருவத்தில் எப்போதும் மாவு. அந்த ஊசிக்கு ஜோடி ஒன்று உண்டு. அது இன்னும் அவள் வீட்டு அலமாரியில், கணவனுக்காகப் பாதி பின்னி நின்றுபோன ஸ்வெட்டரில் குத்தியபடியே இருக்கிறது. அதை எடுத்தால் கண்ணி எல்லாம் கழன்றுவிடுமாம்.

பூக்களிடம் அவள் பேசுகிற விதம் தனி. எங்கள் சாலையோரத்தில் பூப் பறிப்பது சட்டப்படி குற்றம். அதனால் பூவைத் தேடிப் போய், மணலில் முழங்காலும் கையும் ஊன்றி, மூக்கு இதழில் உரசக் குனிந்துகொள்வாள். போகிற லாரிகள் ஹாரன் அடிக்கும். நிமிராமலே பின்னால் ஒரு கையை வீசி அவர்களை விரட்டுவாள்.

"நீங்க யாருங்க ஐயா? எந்த ஊருங்க?"

பெயர் தெரிகிற வரை பூ அவளுக்கு 'ஐயா'. பெயர் தெரிந்த நிமிஷமே 'டா'.

"பேர் தெரியாத ஆளை எப்படி டா போடறது? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பாள்.

ஒருநாள் வெளிர்நீல மணி போல ஒரு பூவைக் காட்டி, இதற்குப் 'பெருமூச்சு' என்று பெயர் என்று யாரோ சொன்னார்கள். சுனில்டா வெகுநேரம் அதையே பார்த்தாள். "இவ்வளவு அழகான பூவுக்குப் பெருமூச்சுன்னு பேர் வெச்சவன் கண்டிப்பா கல்யாணமானவன்" என்றாள். ஊதா நிற உயில்லிப் பூவின் தண்டைக் கசக்கினால் பூண்டு வாசம் வரும் என்று கேட்டதும், "அப்ப நீ என் சமையக்கட்டு ஆளுடா" என்று அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஐந்து இதழும் சதைப்பிடிப்பான இலையுமாகச் சமவெளி முழுக்க ரோஜாநிறக் கம்பளம் விரிக்கும் 'குவனாக்கோ கால்', அவள் கற்ற முதல் பாடம். அதைக் கற்பது கஷ்டமே இல்லை. எங்கள் மலைகளில் திரியும் குவனாக்கோ, நீண்ட கழுத்தும் மெல்லிய காலும் கொண்ட காட்டுப் பிராணி. அதன் பாதம் பட்ட இடமெல்லாம் பூத்தது போல, அவள் கடை வாசலிலிருந்து அடிவானம் வரை அதுதான்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு மத்தியானம், டீயை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சுனில்டா கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள்.

"எந்தப் பூ?"

"பூ இல்ல. பூ வைக்கிறவ."

அவள் கணவன் நோல்பெர்த்தோ கடற்கரையிலிருந்து காய்ந்த கடற்பாசி ஏற்றிவரும் லாரி ஓட்டினான். கடைக்குக் கொஞ்சம் மேலே, சாலை மலையைச் சுற்றித் திரும்பும் வளைவில், ஒரு மூடுபனி நாளில் வண்டி கவிழ்ந்தது. சாலையில் போன உயிர் போன இடத்திலேயே தங்கிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அது வெயிலில் நிற்கக் கூடாது என்று அங்கேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொடுப்போம். அனிமீத்தா என்போம். நோல்பெர்த்தோவின் வீடு நாய்க்கூண்டு அளவு. சிமெண்ட் சுவர், தகரக் கூரை, அவன் லாரியின் நீல நிறம். உள்ளே வண்டியின் நம்பர் பலகை, பிளாஸ்டிக் ரோஜா, அவன் டீ குடித்த எனாமல் கோப்பை. சாயங்காலம் கடையை மூடியதும் சுனில்டா அங்கே போவாள். விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுவாள்.

"நோல்பெர்த்தோ, எழுந்திரு. நான்தான்."

பிறகு அன்றைய சேதியெல்லாம் சொல்வாள். மாவு விலை, யார் வண்டி மாற்றினான், யார் மனைவியை மாற்றினான். இதுவரை அவனிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. மற்றவர்கள் அனிமீத்தாக்களிடம் நேர்ந்துகொள்வார்கள், வேண்டியது நடந்தால் நன்றி என்று பலகை அடிப்பார்கள். சுனில்டா சிரிப்பாள். "உயிரோட இருக்கறப்பவே அவன்கிட்ட கேட்டு ஒண்ணும் நடந்ததில்ல."

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் அந்த எனாமல் கோப்பையில் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் ஒரு பூ. சிவந்து, இதழெல்லாம் உள்நோக்கிச் சுருண்டு, மூடிய விரல்கள் போல இருந்தது. அவள் வைக்கவில்லை. அது வாடிய இரண்டொரு நாளில் வேறொன்று. பிறகு இன்னொன்று. சட்டத்தை மீறிப் பறித்து, தண்ணீர் ஊற்றி, அக்கறையாக வைத்த பூ.

நோல்பெர்த்தோ பார்க்க நன்றாக இருப்பான். பாடவும் செய்வான். கடற்கரையில் கரிசால் என்ற ஊரில் சரக்கு ஏற்றும் நாட்களில் இரவு அங்கேயே தங்குவான். அங்கே சாப்பாட்டுக்கடை நடத்தும் ஃப்ரேசியா என்பவளைப் பற்றி லாரிக்காரர்கள் கண்ணடித்துப் பேசியது சுனில்டாவின் காதில் விழுந்ததுண்டு. விழாதது போல ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அந்தக் கேள்வியை அவன் உயிரோடு இருக்கும்போது அவள் கேட்கவே இல்லை.

"பூவோட ஊரு தெரிஞ்சா அவ ஊரு தெரியும்" என்றாள் என்னிடம். "அதுக்குத்தான் படிக்கறேன். இவ்வளவு வருஷமா தினம் போய்க் கதவைத் தட்டறேனே, நான் ஏமாந்தவளா இல்லையா? அது மட்டும் தெரியணும். ஏமாந்தவதான்னா அந்தத் தகரத்தைப் பிரிச்சுக்கிட்டு வந்து கோழிக்கூண்டுக்குப் போட்டுடுவேன். அப்புறம் அந்த வளைவுப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன்."

சொல்லும்போது குரல் அசையவில்லை. ஆனால் கை, மேசைமேல் இருந்த மாவுப் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து பூப் பார்க்க வந்த ஒரு ஜோடி கடையில் உட்கார்ந்து, கடற்கரைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் பூக்கும் 'சிங்கநகம்' என்ற அபூர்வப் பூவைப் பற்றிப் பேசினார்கள். சுனில்டாவின் கையில் ரொட்டி நின்றது.

"நகமா?" விரல்களை மடக்கிக் காட்டினாள். "இப்படியா?"

"பேர் அப்படித்தாங்க."

"செவப்பா?"

"ரத்தச் செவப்பு."

"எத்தனை இதழ்?"

"ஆறு."

தீர்ந்தது. அன்று பிற்பகலிலிருந்து அவள் ரொட்டியில் ஆறு துளை. மறுநாளும் ஆறு. அந்த வாரம் முழுக்க ஆறு. ஊசியை அவள் இறக்கிய வேகத்தைப் பார்த்து யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை.

நான் மட்டும் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பூ விரிஞ்சு நீ பார்த்திருக்கியா? விரிஞ்சாத்தானே எத்தனை இதழ்னு..."

"நகம் எங்கயாவது விரியுமா? நகம்னா மடங்கித்தான் இருக்கும்" என்றாள்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓர்ஃபெலினாவின் கடை. ஆலிவ், சீஸ், குளிர்பானம். இரண்டு பெண்களும் ஒரு காலத்தில் ஒரே பாத்திரத்தில் சூப் காய்ச்சியவர்கள். ஓர்ஃபெலினா தன் பெயர்ப்பலகையை சுனில்டாவின் கடையை மறைக்கிற மாதிரி நட்டதிலிருந்து சண்டை. எங்கள் ஊர்ச் சண்டையில் கெட்ட வார்த்தை வராது, மரியாதை வரும். இருவரும் 'நீங்க'வுக்கு மாறிவிட்டார்கள்.

"சென்யோரா, உங்க வாடிக்கையாளர் வண்டி எங்க நிழல்ல நிக்குது. தயவு பண்ணி நகர்த்தச் சொல்றீங்களா?"

"நிழலுக்கும் பலகை நட்டுட்டீங்களா, சென்யோரா?"

ஆறு துளை வந்த வாரத்தில் ஓர்ஃபெலினா சாலை தாண்டிக் குரல் கொடுத்தாள். "ரொட்டியில ஓட்டை ஜாஸ்தியாகுதே, மாவு மிச்சம் பிடிக்கறீங்களா?"

"உங்க சீஸைவிட ஓட்டை கம்மிதாங்க" என்றாள் சுனில்டா.

ஓர்ஃபெலினாவின் ஒரே மகன் எலாதியோ இந்த வருஷம்தான் லாரிக்குப் போனான். அதே கடற்பாசி, அதே சாலை. போகும்போதும் வரும்போதும் இரண்டு கடைக்கும் பொதுவாக ஒரு ஹாரன் அடிப்பான். இப்போதும் அடிக்கிறான். அம்மாவின் சண்டை தனக்கில்லை என்பது போல.

கரிசாலுக்குப் போவது என்று சுனில்டா முடிவு செய்தாள். கோப்பையில் புதிதாக வந்திருந்த பூவைத் தண்டோடு ஜாம் பாட்டிலில் வைத்துக்கொண்டாள். துணைக்கு நான். பஸ் கடலை நெருங்கும்போதே பனி ஜன்னலை மூடிவிட்டது. எங்கள் கடற்கரையில் பல நாட்கள் சூரியன் எழுவதே இல்லை. வெளியே எதுவும் தெரியவில்லை, அவ்வப்போது ஒரு கற்றாழை மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து கை நீட்டிவிட்டு மறைந்தது. சுனில்டா பாட்டிலை மடியில் வைத்து இரு கையாலும் அணைத்திருந்தாள். குழந்தையைக் கொண்டுபோகிறாளா, சாட்சியைக் கொண்டுபோகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

ஃப்ரேசியா பெரிய உருவம். பெரிய சிரிப்பு. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு மீன் சூப்பை மேசைமேல் வைத்த பிறகுதான் யார் என்று கேட்டாள்.

"நோல்பெர்த்தோவோட சம்சாரம்" என்றாள் சுனில்டா. பாட்டிலை நடுவில் வைத்தாள். "இதை வெச்சது நீங்கதானே?"

ஃப்ரேசியா பூவைப் பார்த்தாள், சுனில்டாவைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அட கடவுளே! பாட்டுக்காரன்னு எல்லாரும் சொல்வாங்களே, அவனையா சொல்றே? அவனையும் என்னையும் சேத்தா?" மேசை குலுங்கச் சிரித்தாள். "கண்ணு, அவன் இங்க ஒரு பாட்டுக்கூடப் பாடினதில்ல. சூப்பை முடிக்கறதுக்குள்ள தூங்கிடுவான். இதோ இந்த மேசையில, மீசை சூப்புல நனைய. நான்தான் தட்டை உருவி வெப்பேன்."

சுனில்டா அந்த மேசையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் அவனை நான் மன்னிக்கவே மாட்டேன்" என்றாள் ஃப்ரேசியா. "என் ரொட்டியைப் பார்த்து, 'இது டயருக்கு முட்டுக் குடுக்கற கல்லு. எங்க வீட்டுக்காரி சுடற ரொட்டிய நீ பாக்கணும்'பான். ஒருதரம் இல்ல, வர்றப்ப எல்லாம். ஒருநாள் கரண்டியால அடிச்சே இருக்கேன்."

"அப்படியா சொன்னான்?" சுனில்டாவின் குரல் சின்னதாகிவிட்டது. "என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லையே. உப்புக் கம்மின்னு மட்டும்தான் சொல்லுவான்."

ஃப்ரேசியா எங்களைக் கடைக்குப் பின்னால் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனாள். பனிக்குள் மணல்மேல் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. அதன் நுனியில், முஷ்டி அளவுக்குக் கொத்தாக, எரிகிற சிவப்பு. பனியையே அது கொஞ்சம் சூடாக்கியது போலிருந்தது. சுனில்டா மண்டியிட்டாள்.

"நீங்கதானா ஐயா, சிங்கநகம்?"

வெகுநேரம் அதையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். பாட்டிலில் இருந்தது ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள ஒன்று. மூடிய இதழை அது திறக்கவே இல்லை. பனி அதையும் போர்த்தியிருந்தது.

"இது எங்க ஊர்ப் பூவே இல்ல, கண்ணு" என்றாள் ஃப்ரேசியா.

திரும்பும் பஸ் பாதி வழி வந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடியே சுனில்டா சொன்னாள்: "இவ இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப வேற எவளோ."

ரொட்டியைப் பற்றி அவன் சொன்னதை நினைத்துச் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் நான் கடையில் இருந்தேன். எங்கள் பக்கம் பனி இல்லை. வெயில் தகரத்தின் இடுக்கு வழியாக ஒரு கோடாக இறங்கி மேசைமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஜாம் பாட்டில் அங்கேதான் இருந்தது. தூக்கியெறிய மனம் வராமல் வைத்திருந்தாள். வெயில் கோடு பாட்டிலைத் தொட்டது. தண்ணீர் மினுங்கியது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பூ அசைந்தது.

காற்றில்லை. யாரும் தொடவில்லை. தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவர் இமையைப் பிரிப்பாரே, அப்படி ஒரு இதழ் விலகியது. பிறகு அதன் பக்கத்து இதழ். சுனில்டா முதுகு காட்டி ரொட்டி திருப்பிக்கொண்டிருந்தாள். அவளே ஏதோ தோன்றித் திரும்பினாள். இடுக்கி கையிலேயே நின்றது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். உள்ளங்கை விரிவது போல அது முழுக்க விரிந்தது. பட்டு மாதிரி, வெளிச்சம் ஊடுருவும் ரோஜா நிறம்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு..." சுனில்டாவின் உதடு நின்றது. "அஞ்சு."

அடுப்பில் ஆறு துளை ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசை லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன டோன்யா சுனி, குவனாக்கோ காலை பாட்டில்ல வெச்சு வேடிக்கை பாக்கறீங்க? வாசல் முழுக்க அதானே இருக்கு!"

சுனில்டா நிமிர்ந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கண் போகும் தூரம் வரை ஒரே பூ, ஒரே நிறம், வெயில் அலையில் மிதந்துகொண்டிருந்தது. அவளுடைய முதல் பாடம்.

"நீயாடா?" என்றாள் பாட்டிலிடம். "வெயில் போனா தூங்கிடுவியா? எனக்குத் தெரியாதேடா. விழிச்சிருக்கற உன் முகத்தைத்தான் பார்த்திருக்கேன். தூங்கற முகத்தைப் பார்த்ததே இல்லையே." இடுக்கியை வைத்தாள். "சிங்கத்து நகமும் கால்லதான் இருக்கு, குவனாக்கோவும் காலு. தப்பான காலைப் பிடிச்சுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சிருக்கேன் பாரு."

லாரிக்காரர் சிரித்தார். சுனில்டா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் வேறொன்று நகர்ந்துகொண்டிருந்தது. பூ இந்த ஊர்ப் பூ. அப்படியென்றால் பறிப்பவளும் இந்த ஊர். சாயங்காலம் சுனில்டா போகும்போது தண்டு புதிதாக இருக்கும். அப்படியென்றால் பகலில் வைக்கிறாள்.

எதிர்க்கடையைப் பார்த்தாள். சீஸ்மேல் துணி, துணிமேல் ஒரு கல். ஓர்ஃபெலினா இல்லை.

ஏப்ரனோடு கிளம்பிவிட்டாள். கையில் பின்னலூசி இருந்தது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் பின்னால் ஓடினேன். சாலையோரத்தில் பூக்களுக்கு நடுவே யாரோ தினம் நடந்து நடந்து ஒற்றையடித் தடம் விழுந்திருந்தது. அதை இதுவரை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை.

வளைவில் திரும்பியதும் சுனில்டா சட்டென்று நின்றாள். நீல வீட்டின் முன்னால் ஓர்ஃபெலினா மண்டியிட்டிருந்தாள். விரல் முட்டியால் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தாள், சுனில்டா தட்டுகிற அதே மாதிரி.

"நோல்பெர்த்தோ, எழுந்திருப்பா. நான்தான்."

"என் புருஷனை எழுப்ப நீங்க யாருங்க, சென்யோரா?"

ஓர்ஃபெலினா துள்ளித் திரும்பினாள். ஊசியைப் பார்த்தாள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் தீப்பெட்டி. மறைக்க இடமில்லை.

"நீங்க சாயங்காலம்தானே வருவீங்க" என்றாள் அசட்டுத்தனமாக.

"எத்தனை நாளா?"

"எலாதியோ லாரிக்குப் போனதுலேருந்து." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இந்த வளைவை இவனைவிட நல்லாத் தெரிஞ்சவன் யாரு இருக்கான்? அதான் கேட்டேன். என் பையன் இங்க திரும்பறப்ப கொஞ்சம் பாத்துக்கப்பான்னு. அன்னிக்குப் பனியில இங்க ஒண்ணோட ஒண்ணு வண்டிங்க மோதிச்சே, தெரியுமில்ல? எலாதியோ வளைவுக்கு முன்னாடியே பிரேக் போட்டு நின்னுட்டான். ஏன்டா நின்னேன்னு கேட்டா, 'யாரோ வண்டிக் கதவைத் தட்டினாப்பல இருந்துச்சும்மா'ங்கறான்." மெழுகுவர்த்தியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "அதுலேருந்து அவன் பத்திரமா வந்தா ஒரு பூ. உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் நினைச்சேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? உங்க கடையை மறைச்சுப் பலகை நட்டுட்டு, உங்க புருஷன்கிட்டயே வந்து கை நீட்டறேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

சுனில்டா நீல வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நோல்பெர்த்தோவா?" என்றாள். "என் நோல்பெர்த்தோவா? வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு வருஷக்கணக்கா கத்தினேன், ஒரு நாள் திரும்பிப் பார்க்கல! கூரை பறந்தப்பகூட 'நாளைக்குப் பாக்கலாம்'னு தூங்கினான்! உன் பையனுக்கு மட்டும் எழுந்து போய்க் கதவைத் தட்டறானா?"

'உன்' என்று வந்துவிட்டதை மூன்று பேருமே கவனித்தோம். சுனில்டா குனிந்து நீல வீட்டுக்குள் பார்த்தாள், அங்கே புதிதாக யாரோ குடிவந்திருப்பது போல. நம்பர் பலகை, பிளாஸ்டிக் ரோஜா, எனாமல் கோப்பை. கோப்பை காலியாக இருந்தது.

"இன்னிக்குப் பூ எங்க?"

"இன்னும் வரல அவன்" என்றாள் ஓர்ஃபெலினா. "காலையிலயே வந்திருக்கணும். கடற்கரையில ஒரே பனியாம். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறான். அதான் மெழுகுவத்தி கொண்டாந்தேன். காத்து பத்த விடல."

காலடியில் அணைந்துபோன தீக்குச்சிகள் கிடந்தன. மத்தியானக் காற்று சமவெளியிலிருந்து எழும்பி, அத்தனை பூக்களையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. ஓர்ஃபெலினா இன்னொரு குச்சியை உரசினாள். அது சிவந்து, உடனே கருத்தது.

சுனில்டா ஊசியைத் தொப்பிக்குள் செருகினாள். தகரக் கூரையை இரண்டு தட்டு தட்டினாள், வழக்கத்தைவிட அழுத்தமாக.

"நோல்பெர்த்தோ, கேக்குதா? நம்ம எலாதியோ வரணும்."

பிறகு ஓர்ஃபெலினாவின் பக்கத்தில், காற்று வரும் திசைக்கு முதுகைக் கொடுத்து மண்டியிட்டாள். ஏப்ரனின் இரண்டு முனைகளையும் பிடித்து, மெழுகுவர்த்தியைச் சுற்றி அகல விரித்துக்கொண்டாள். "ம், இப்பப் பத்த வைடி" என்றாள்.